பிரசாதத்துக்கு எடை போட்ட அம்பலவாணர்

முன்னொரு காலத்தில், ராஜாவின் தொப்பையைப் பற்றி வாய் திறந்தால் தலை தங்காது என்றிருந்த காலத்தில், ஒரு நாட்டைப் பெருங்கொற்றன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல ராஜாதான். வரி குறைவு, கோபம் அதைவிடக் குறைவு, சாப்பாடு மட்டும் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது.

அந்த நாட்டில் விஜயதசமியன்று ராஜா வெள்ளைக் குதிரையேறிப் பரிவேட்டைக்குப் போக வேண்டும். பாட்டனார் காலத்துத் தங்கக் கச்சையை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். வேறு கச்சை கட்டிப் போனால் ஊர் அதை வேட்டை என்றே ஒத்துக்கொள்ளாது. ஆடி மாதத்தில் ஒருநாள் கச்சைக்கு மெருகு போட எடுத்தவர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று ராஜாவின் இடுப்பில் சுற்றிப் பார்த்தார்கள். இரண்டு நுனிகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டனவே தவிர, சேரவில்லை. நடுவில் ஒரு சாண் ராஜா இருந்தார்.

வைத்தியர் வந்து நாடி பார்த்தார். "மகாராஜா, தங்களுக்கு மருந்து வேண்டாம், அளவு வேண்டும்" என்று சொல்லி, வேளைக்கு இவ்வளவு சோறு, இவ்வளவு நெய் என்று வரையறுத்துவிட்டு, ராஜா மறுபேச்சுப் பேசுமுன் பல்லக்கேறிவிட்டார். கெட்டிக்காரர்.

அந்த அளவைப் பார்த்துப் போடுவது யார்? சபையில் அந்தப் பேச்சு எழுந்ததும் முதலில் எழுந்தவர் உக்கிராண அதிகாரி நீலமேகம். அரண்மனையின் அரிசி, பருப்பு, நெய் எல்லாம் அவர் சாவியில் இருந்தன.

"மகாராஜா, அடியேனுக்குத் தராசு எதற்கு? நெற்குவியலைப் பார்த்த மாத்திரத்தில் இத்தனை கலம் என்று சொல்லும் கண் இது. தங்கள் இலையை ஒருமுறை பார்த்தால் போதும்."

அதோடு யாரும் பேசாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சபையின் ஓரத்தில் விகடர் அம்பலவாணர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, நீளமான நாக்கு, இரண்டையும் சேர்த்து நிறுத்தாலும் எட்டாத தலைக்கனம். ராஜாவைச் சிரிக்கவைப்பதில் தம்மை மிஞ்ச ஆளில்லை என்று அவர் நம்பினார். சிக்கல் என்னவென்றால், அது உண்மை.

"மகாராஜா, கண்மதிப்பு ஆளைப் பார்த்து மாறும். பசித்தவன் கண்ணுக்கு ஒரு படி சோறு ஒரு பிடியாகத் தெரியும். மகாராஜா முறைத்துப் பார்த்தால் உக்கிராண அதிகாரியின் கண்ணுக்கு அந்த ஒரு பிடியும் தெரியாது. தராசுக்குப் பசியும் கிடையாது, பயமும் கிடையாது."

ராஜா சிரித்தார். "அப்படியானால் நீரே நிறுத்துப் போடும்!"

நீலமேகத்துக்கு முகம் கடுத்தது. ஆனாலும் பணிவாகவே கேட்டார். "நல்லது மகாராஜா. தராசு வைத்தும் விஜயதசமிக்குள் கச்சை சேராவிட்டால்?"

"சேராவிட்டால்," என்றார் அம்பலவாணர், யாரும் கேட்காமலே, "அடியேன் இந்த ஆசனத்தை விட்டுவிட்டு ஆற்றுக்கு அக்கரை போய்விடுகிறேன். இந்த ஊர்த் தண்ணீரை மறுபடி தொடமாட்டேன்."

ராஜா தலையசைத்துவிட்டார். சபையில் ராஜா தலையசைத்தால் அது சட்டம்.

மறுநாள் முதல் அரண்மனைச் சமையற்கட்டில் தராசு தொங்கியது. இட்லி ஏறி இறங்கியது. வடை ஏறியது, பாதி வடை இறங்கியது. நெய் கரண்டியோடு ஏறியது, கரண்டியின் எடை கழிந்தது. சோற்றில் நாலு பருக்கை கூடினாலும் அம்பலவாணர் விரலால் ஒதுக்கிவிடுவார். ராஜா இலையைப் பார்ப்பார், அம்பலவாணரைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்கு மட்டும் எடை போடவில்லை.

ஆவணி முடிந்தது. கச்சையைச் சுற்றிப் பார்த்தார்கள். முன்பு ஒரு சாண் இருந்த இடைவெளி இப்போது ஒரு சாணும் ஒரு விரலுமாக இருந்தது.

அம்பலவாணர் தராசைக் கழற்றிப் பார்த்தார், படிக்கற்களை உரசிப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை. நீலமேகமோ போகிற வருகிறவர்களிடமெல்லாம், "பாவம், அக்கரையில் வீடு பார்த்துவிட்டாரா?" என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து இடிந்துபோய் உட்கார்ந்த அம்பலவாணரிடம் அவர் மனைவி வடிவாம்பாள் மோர் கொண்டுவந்து நீட்டினாள். வடிவாம்பாள் வாட்டசாட்டமான பெண்மணி. தெருவில் அவள் நடந்தால் மற்றவர்கள் ஒதுங்கி நடப்பார்கள். அவள் காதுக்கு வராத சங்கதி ஊரில் நடந்ததில்லை.

"என்னங்க, ராஜாவுக்கு இப்ப பக்தி முத்திப்போச்சாமே?"

"பக்தியா?"

"காலங்காத்தால கோயிலுக்குப் போயிடறாராம். பிள்ளையார்கிட்ட கொழுக்கட்டை, அம்மன்கிட்ட சர்க்கரைப் பொங்கல், முருகன்கிட்ட பஞ்சாமிர்தம், அனுமார்கிட்ட வடை. ஒரு சன்னிதி பாக்கி கிடையாதாம். எதிர்வீட்டுக் குமுதம் கண்ணால பார்த்தாளாம். பொங்கல்ல நெய் முழங்கை வரைக்கும் வழியுதாம்."

"கோயிலில் அவ்வளவு நெய் ஏது?"

"அது தெரியாதா உங்களுக்கு? உக்கிராணத்திலேர்ந்து மடப்பள்ளிக்கு வண்டியில குடம் குடமாப் போகுதே! நீலமேகத்தோட உபயமாம். தெருவே சொல்லுது, நீங்க தராசைக் கட்டிக்கிட்டு உட்காந்திருக்கீங்க."

அம்பலவாணர் மோரைக் கீழே வைத்தார். பொறி எவ்வளவு நேர்த்தியாக வைக்கப்பட்டிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அந்த ஊர் வழக்கப்படி, சுவாமிக்குப் படைத்த பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. அதைத் தராசில் வைத்து நிறுப்பதோ அதைவிடப் பெரிய அபசாரம். நீலமேகம் ராஜாவின் காதில், "பிரசாதத்துக்குக் கணக்கு ஏது மகாராஜா?" என்று ஒரே ஒரு வார்த்தைதான் போட்டிருப்பார். பசித்த ராஜாவுக்கு அது போதாதா?

மறுநாள் சபையில் அம்பலவாணர் விஷயத்தைச் சொன்னார். ராஜாவுக்கு வந்ததே கோபம்! கையும் களவுமாகப் பிடிபட்டவர்களுக்கு வருகிற கோபம் அது.

"சுவாமி பிரசாதத்தையா கணக்குப் பார்க்கிறீர்? ஒரு கை பொங்கல், ஒரு விள்ளல் கொழுக்கட்டை. நீலமேகம், உம் கண்மதிப்பில் எவ்வளவு இருக்கும்?"

"எல்லாச் சன்னிதியும் சேர்த்தாலும் இரண்டு வெல்ல அச்சின் எடை தேறாது மகாராஜா."

"கேட்டீரா? அதற்கு மேல் என்றால் நிறுத்துக் காட்டும். ஆனால் ஒன்று. பிரசாதத்தில் ஒரு பருக்கைகூடத் தராசில் ஏறக் கூடாது. ஏறினால் அக்கரை இல்லை, சிறை. நிறுத்துக் காட்டாவிட்டால் இன்றைக்கே அக்கரை!"

நிறுக்க வேண்டும், ஆனால் நிறுக்கக் கூடாது. சபையே அம்பலவாணரைப் பார்த்தது. நீலமேகம் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.  அம்பலவாணரோ கையைக் கட்டிக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி, பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி நின்றார்.

"கட்டளைப்படியே ஆகட்டும். ஒரு பருக்கை ஏறாது. நாளைக் காலை கோயிலில் நிறுத்துக் காட்டுகிறேன். உக்கிராண அதிகாரியும் தம் கண்ணை மறக்காமல் எடுத்துக்கொண்டு வரட்டும்."

பொழுது விடிந்தபோது கோயில் மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. யார் சொல்லி இத்தனை கூட்டம் என்று கேட்பவர்கள் வடிவாம்பாளை அறியாதவர்கள். மண்டபத்தில் துலாபாரத் தராசு தொங்கியது. நேர்ந்துகொண்டவர்கள் ஒரு தட்டில் உட்கார, மறுதட்டில் வாழைப்பழமோ வெல்லமோ வைத்து எடைக்கு எடை கொடுப்பார்களே, அந்தத் தராசு. மறுதட்டின் பக்கத்தில் வெல்ல அச்சு மலைபோல் குவிந்திருந்தது.

ராஜா வந்ததும் அம்பலவாணர் கும்பிட்டார். "மகாராஜாவின் கச்சை சேர வேண்டும் என்று அடியேன் துலாபாரம் நேர்ந்துகொண்டேன். தரிசனத்துக்கு முன்னால் தாங்கள் ஒருமுறை தட்டில் எழுந்தருள வேண்டும்."

தன் பெயருக்கு வேண்டுதல் என்றால் எந்த ராஜா வேண்டாம் என்பார்? உட்கார்ந்தார். மறுதட்டில் வெல்லம் ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. முள் நடுவில் வந்து நின்றதும் அம்பலவாணர், "போதும். மகாராஜா இறங்கித் தரிசனம் முடித்துவிட்டு வரலாம். வெல்லம் அப்படியே இருக்கட்டும். ஒரே ஒரு விண்ணப்பம், வழியில் தண்ணீர் மட்டும் குடிக்க வேண்டாம்" என்றார்.

ராஜா கிளம்பினார். கூட்டமும் பின்னாலேயே போனது. பிள்ளையார் சன்னிதியில் கொழுக்கட்டை. அம்மன் சன்னிதியில் பொங்கல். பிறகு, போன உருண்டை சின்னதாக இருந்தது என்று இன்னொரு பொங்கல். முருகன் சன்னிதியில் பஞ்சாமிர்தம், பைரவர் சன்னிதியில் தயிர்சாதம், அனுமார் சன்னிதியில் வடை. மாலையில் கோத்த வடை ஒன்றாகவா வரும், வரிசையாகத்தான் வரும். எல்லாரும் பார்க்கிறார்களே என்று ராஜா அன்றைக்குக் குறைத்துச் சாப்பிட்டதாகக் குமுதம் பிற்பாடு சத்தியம் செய்தாள்.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ராஜா மண்டபத்துக்குத் திரும்பினார்.

"இப்போது மறுபடியும் எழுந்தருள வேண்டும்" என்றார் அம்பலவாணர்.

ராஜா உட்கார்ந்தார். தட்டு தொப்பென்று தரையைத் தட்டியது. மறுதட்டு ஆகாயத்தில் ஆடியது.

அம்பலவாணர் ஒரு வெல்ல அச்சை எடுத்து மறுதட்டில் வைத்தார். அசையவில்லை. இரண்டாவது. "உக்கிராண அதிகாரியின் கண்மதிப்பு முடிந்தது" என்றார். மூன்றாவது. "அரண்மனையில் மகாராஜாவின் காலை ஆகாரம் முழுவதும் இவ்வளவுதான்." அப்புறம் அச்சு மேல் அச்சாக வைத்துக்கொண்டே போனார். கூட்டத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பன்னிரண்டாவது அச்சில்தான் ராஜா மெதுவாகத் தரையை விட்டுக் கிளம்பினார். முள் நடுவில் நின்றது.

"நிறுத்தாயிற்று மகாராஜா. பிரசாதம் பத்து அச்சு, அதற்குமேல் இரண்டு. காலை ஆகாரத்தைப் போல நாலு மடங்கு."

"தராசில் பிரசாதம் ஏறிவிட்டது! அபசாரம்!" என்று கத்தினார் நீலமேகம்.

அம்பலவாணர் திரும்பினார். "எங்கே ஐயா? தட்டில் ஒரு பருக்கை காட்டும் பார்க்கலாம். தட்டில் இருப்பது மகாராஜா. பிரசாதத்தை வைக்கக் கூடாது என்று கட்டளை. மகாராஜாவை வைக்கக் கூடாது என்று கட்டளை இல்லையே! அது போன இடத்தைத்தான் வைத்தேன்."

 நாட்டை ஆளுகிறவரை, ஊர் பார்க்க, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் நிறுத்திருக்கிறான் ஒரு மனிதன். ராஜா அந்தப் பன்னிரண்டு அச்சையும் பார்த்தார். தம் வயிற்றைப் பார்த்தார். முதலில் மீசை துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு துலாபாரத் தராசே கிடுகிடுவென்று ஆடி, மறுதட்டு வெல்லம் உருண்டோட, சிரிப்பு மண்டபத்தை நிறைத்தது.

"அம்பலவாணரே! பன்னிரண்டா! நான் இரண்டு என்றே நம்பிக்கொண்டிருந்தேனய்யா!"

"தாங்கள் நம்பினீர்கள், தங்கள் இடுப்பு நம்பவில்லை மகாராஜா. கண்ணில் ஒற்றி, ஒரு விள்ளல் வாயில் போட்டு, மற்றதைப் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுத்தாலும் பிரசாதம் பிரசாதம்தானே."

ராஜா பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். நீலமேகம். "நெய்க்குடம் அனுப்புகிற அளவுக்குப் பக்தி உமக்கு. இனிமேல் எல்லாச் சன்னிதியிலும் என் பங்கு உமக்குத்தான். மிச்சம் வைத்தால் அபசாரம், தெரியுமில்லையா?"

புரட்டாசி முழுக்க அது நடந்தது. விஜயதசமியன்று கச்சையின் இரண்டு நுனிகளும் சேர்ந்தன, கொக்கி சுகமாக மாட்டியது. ராஜா குதிரையேறியபோது ஊர் ஆரவாரித்தது. முகம் ராஜாவைவிடப் பளபளத்தது முன்வரிசையில் நின்ற அம்பலவாணருக்கு. நீலமேகம் வரவில்லை. பட்டு அங்கவஸ்திரம் சுற்றளவுக்குப் போதவில்லை என்று கேள்வி.

வேட்டை முடிந்து ராஜா சபையில் அறிவித்தார். "அம்பலவாணரின் எடைக்கு எடை வெள்ளிப் பாத்திரம்!"

நீலமேகம் அந்த ஒல்லி உடம்பை ஏற இறங்கப் பார்த்தார். நாலு குடமும் ஆறு தட்டும் என்று கண் கணக்குப் போட்டது. மனம் கொஞ்சம் ஆறியது.

மறுநாள் துலாபார மண்டபத்தில் அம்பலவாணர் தராசு வரைக்கும் வந்து நின்றுகொண்டார். ஏறவில்லை.

"என்ன தாமதம்?" என்றார் ராஜா.

"பாதி உடம்புதான் வந்திருக்கிறது மகாராஜா. பாக்கிப் பாதி தெருமுனையில் வந்துகொண்டிருக்கிறது. சாஸ்திரம் அறிந்த சபை இது, மனைவி கணவனின் பாதி என்பதை அடியேன் சொல்ல வேண்டியதில்லை."

கூட்டம் விலகியது. அரக்குப் பட்டுடுத்தி, மூக்குத்தி மின்ன, தெருப் பெண்கள் புடைசூழ வடிவாம்பாள் வந்தாள். ஒருவரையும் பார்க்காமல் நேரே போய்த் தட்டில் அமர்ந்தாள். ஓரத்தில் மிஞ்சிய இடத்தில் அம்பலவாணர் ஒண்டிக்கொண்டார்.

ராஜாவுக்கு அப்போதே சிரிப்புத் தொடங்கிவிட்டது. குடம் ஏறியது, அண்டா ஏறியது, தாம்பாளம், சொம்பு, குத்துவிளக்கு. அரண்மனைப் பாத்திர அறைக்கு ஆள் இரண்டு முறை ஓடினான். நீலமேகம் தம் கையாலேயே எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது, சாவி அவரிடம்தானே இருந்தது. கடைசியில் முள் நடுவுக்கு வந்தது.

"ஆயிற்று, இறங்கலாம்" என்றார் நீலமேகம்.

வடிவாம்பாள் அசையவில்லை. முள்ளையே உற்றுப் பார்த்தாள். "மகாராஜா, அது இன்னும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கு. சரியா நிக்கட்டுமே."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். தம் இலைக்கு நெய் விடும் வெள்ளிக் கரண்டியை வரவழைத்து, தம் கையாலேயே குவியலின் உச்சியில் வைத்தார்.

முள் நின்றது. வடிவாம்பாள் அதற்கப்புறம்தான் இறங்கினாள்.