தொடாத கார்டுக்குக் கட்டணம்

அந்த நூல் மில்லில் கூலியை ப்ரீபெய்ட் கார்டில்தான் ஏற்றுவார்கள். எல்லாத் தொழிலாளிகளின் கார்டுகளும் அவற்றின் ரகசிய 'பின்' நம்பர்களும் மேனேஜர் தண்டபாணியின் டிராயருக்குள் பத்திரமாக இருந்தன. சகாயமேரி காய்ச்சலில் கொதிக்கும் குழந்தையோடு வந்து தன் கார்டைக் கேட்டாள்.

"அதுல பைசா இல்ல. மூணு மாசம் தொடாத கார்டுக்கு பேங்க்காரன் கட்டணம் பிடிச்சே தீர்த்துடுவான். உனக்கு இதெல்லாம் எங்க புரியப்போகுது?"

"யாருமே தொடலைங்களா, சார்?"

"ஒருத்தரும் தொடல."

"அதை எழுதிக் குடுங்க."

சனியன் தொலைந்தால் போதுமென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளை முந்தானையில் முடிந்துகொண்டு அவள் போனை நீட்டினாள். போன மாதம் அந்தக் கார்டில் பெட்ரோலும் பட்டுப்புடவையும் வாங்கியதாகக் குறுஞ்செய்திகள் இருந்தன.

"தொட்ட கார்டுக்கு அந்தக் கட்டணம் கிடையாது, சார். தொட்டது யாருன்னு போலீஸ்ல கேக்கட்டுமா?"

அவர் பர்ஸைத் திறந்தார். அவள் பணத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, வாசலில் மில்லின் மற்ற பெண்கள் போனும் கையுமாக நின்றிருந்தார்கள்.