ஆறு தடவையும் மயிலுக்கே

நாணல்குளத்தில் செவத்தி என்று ஒரு நீர்க்கோழி இருந்தது. நாணல் புதருக்குள் நாலு முட்டை இட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. குளத்தங்கரையிலோ பெரிய உடைப்பு! அது விழுந்து மூன்று வருஷம் ஆகிறது. தண்ணீர் வடிந்துகொண்டே போனது. இன்னும் பத்தே நாளில் நரி கால் நனையாமல் கூட்டுக்கு நடந்து வந்துவிடும். போன வருஷம் அப்படித்தான் வந்து, முட்டை அத்தனையையும் தின்றுவிட்டுப் போனது.

அந்தக் காட்டில் ஒவ்வொரு குளமும் ஒரு தொகுதி. தொகுதிக்கு ஒருவர் காட்டின் பெரிய சபைக்குப் போவார். ஆளுக்கு ஒரு கூழாங்கல். தனக்குப் பிடித்தவரின் குழியில் அதைப் போட வேண்டும். நாணல்குளம் ஆறு தடவையும் மயிலைத்தான் அனுப்பியது. மயில் தோகையை விரித்தால் போதும், தவளைகள் சொக்கிப்போகும்! எதிர்த்து நின்ற குரங்குக்கு ஒரு தடவைகூடப் பத்துக் கல் தேறியதில்லை.

ஏழாவது தேர்தலுக்கு ஒரு வாரம் இருந்தது. செவத்தி மயிலிடம் போனது.

"ஐயா, கரையை அடைக்க சபை யானைகளை அனுப்புங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

"அனுப்பிட்டாப் போச்சு! நம்ம குளம்மா அது!" என்றது மயில்.

மறுநாளே யானைகள் வந்தன. செவத்திக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் யானைகள் நிற்காமல் அடுத்த குளமான பாறைமடுவுக்குப் போயின. அங்கே நன்றாக இருந்த கரையை இன்னும் உயர்த்த ஆரம்பித்தன!

செவத்தி பதறிக்கொண்டு ஓடியது. "அண்ணே, உடைஞ்சது எங்க கரை! இங்க எதுக்கு வந்தீங்க?"

யானைக்கே சங்கடமாகிவிட்டது. "மயில் ஐயாதாம்மா அனுப்பினாரு. பாறைமடுவுல தேர்தலுக்குத் தேர்தல் ஆளை மாத்திடுறாங்க. போன தடவை அவரோட கூட்டாளி இங்க மூணே கல்லுல தோத்துட்டாரு. நாணல்குளம் எங்கே போயிடப் போகுதுன்னு சொல்றாரு."

செவத்திக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? ஆறு தடவை நம்பிப் போட்டதற்கு இதுவா மரியாதை!

குளத்துக்குத் திரும்பி எல்லோரையும் கூட்டிக் கத்தியது. "நமக்கு வெட்கமா இல்ல?"

"அதுக்காகக் குரங்குக்கா போடச் சொல்றே? அவன் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்லையே!" என்றது ஆமை.

"எதுக்குப் பாக்கணும்? வந்து கேட்டாலும் கல்லு கிடைக்காதுன்னு அவனுக்குத் தெரியும். ஒண்ணுமே செய்யாட்டியும் கிடைக்கும்னு இவருக்குத் தெரியும். நடுவுல ஏமாந்தவங்க நாமதான்!"

"எங்க அப்பா மயிலுக்குத்தானே போட்டாரு..." என்று இழுத்தது ஒரு தவளை.

"உங்க அப்பா காலத்துல கரை உடைஞ்சா கிடந்துச்சு?"

தவளை உடைப்பைத் திரும்பிப் பார்த்தது.

தேர்தல் நாள் வந்தது. மயில் வழக்கம்போலத் தோகையை விரித்து ஆடியது. தவளைகள் வழக்கம்போலக் கைதட்டின. ஆனால் கல்லைப் போடும்போது பல தவளைகள் மயிலின் முகத்தைப் பார்க்கவில்லை. எண்ணி முடித்தார்கள். மயில்தான் ஜெயித்தது. அதுவும் நாலே நாலு கல் வித்தியாசத்தில்!

"என்னமோ குதிச்சியே, என்ன ஆச்சு?" என்றது ஆமை. செவத்தி கண் கலங்கக் கூட்டுக்குத் திரும்பியது. சுற்றிலும் ஒரு சாண் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது.

மறுநாள் காலையில் தரை அதிர்ந்தது. யானைகள்! அவற்றுக்கு முன்னால் தோகை சேற்றில் புரள மயில் மூச்சிரைக்க ஓடிவந்தது.

"செவத்திம்மா, எந்த இடம்? சீக்கிரம் காட்டும்மா!"

"மூணு வருஷமா உங்க கண்ணுக்குத் தெரியாத உடைப்பு, நாலு கல்லுல தப்பிச்சதும் தெரிஞ்சுடுச்சா?" என்று சீறியது செவத்தி.

மயில் தானே சேற்றில் இறங்கி, செவத்தி காட்டிய இடத்துக்கு யானைகளைக் கூட்டிப்போனது. யானைகள் உடைப்பில் மண்ணைக் கொட்டின. தண்ணீர் வடிவது நின்றது.

எப்படியும் நமக்குத்தான் போடுவார்கள் என்று ஒருவரை நிம்மதியாக இருக்கவிட்டால், அவர் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.