மாவில் பதிந்த கால்கள்

மலையடிவாரத்து மடத்தில், பசியோடு வருகிறவர் யாரானாலும் மத்தியானச் சோறு உண்டு. ஆக்கிப் போடுகிறவர் அம்பலவாணர். காலமெல்லாம் கல்யாண வீடுகளில் சமைத்துவிட்டு, தலை நரைத்த பிறகு சீடராக வந்து சேர்ந்தவர். குரு சதாசிவ சாமி அவரைவிட இளையவர். அதனாலோ என்னவோ, கோபம் வந்தால் மனுஷர் குருவிடமே எரிந்து விழுவார். சாமி சிரித்துக்கொள்வார்.

அன்று சாயங்காலமும் அம்பலவாணர் அப்படித்தான் வந்து நின்றார்.

"சாமி, இந்தக் கரப்பான்பூச்சி எங்கேருந்துதான் வருது? எனக்கு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்."

"என்ன ஆச்சு?"

"மத்தியானம் ஒரு பொண்ணு. இடுப்புல பிள்ளை, வெயில்ல நடந்து வந்தவ. ரசம் ஊத்துறேன், கூடவே ஒண்ணு இலையில விழுது. ஒரு வார்த்தை பேசல சாமி. இலையை மூடிட்டு எழுந்து போயிட்டா. என் மானமே போச்சு! இன்னொரு இலையில விழட்டும், கரண்டியைக் கீழே வச்சிட்டுப் போயிடுறேன்."

சொன்னால் செய்கிற ஆள். மடத்தை விட்டால் அவருக்குப் போக்கிடமும் கிடையாது.

"மருந்து அடிச்சீங்களா?"

"அடிக்காமலா? அடுப்படியில அடிச்சா பந்திக் கூடத்துக்கு ஓடுது. அங்கே அடிச்சா திரும்ப இங்கே வருது. என்கூடக் கண்ணாமூச்சி ஆடுது, சனியன்!"

"அதுக்கு இங்கே சாப்பிட என்ன கிடைக்குது?"

"ஒண்ணும் கிடைக்காது. பாத்திரத்தையெல்லாம் கழுவிக் கவுத்திடுறேன். தரையில ஒரு பருக்கை இருக்காது."

சாமி அடுப்படியைச் சுற்றி வந்தார். அடுப்புச் சந்து, சாக்கடை மூடி, மளிகைப் பரண் எல்லாவற்றையும் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார். பளிச்சென்றுதான் இருந்தது. கடைசியில் சுவரில் மாட்டியிருந்த அன்னபூரணி படத்தின் முன்னால் நின்றார். கீழே பலகையில் ஓர் இலை, இலையில் நெய்ச்சோறு.

அம்பலவாணரின் கோபம் எங்கே போயிற்றோ! குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சாமி. விளக்கேத்தி, சோத்தைப் படைச்சுட்டு, கதவைப் பூட்டிட்டுப் போவேன். காலையில பார்த்தா குறைஞ்சிருக்கும். அம்மா வந்து சாப்பிட்டுப் போறா! நான் வந்த நாள்லேருந்து நடக்குது."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு எந்தச் சுகத்துக்காகவும் அவர் அந்த மடத்தில் இருக்கவில்லை.

சாமி பலகையை விரலால் தொட்டார். விரலில் கருப்புப் பொடி ஒட்டியது.

"இது என்ன?"

"மிளகுத்தூள் சிந்தியிருக்கும். அம்மா இடத்துல துடைப்பம் படக் கூடாதுன்னு விட்டுடுவேன்."

"நெய்ச்சோத்துக்கு மிளகு போடுவீங்களா?"

"இல்லையே..."

சாமி டப்பாவைத் திறந்து அரிசி மாவை அள்ளி, இலையைச் சுற்றித் தூவினார்.

"இது எதுக்கு சாமி?"

"வர்றவங்க கால் பதியுமே."

கோகுலாஷ்டமிக்கு வாசலிலிருந்து நாமே பிஞ்சுக் கால் வரைகிறோம். இங்கே தானாகவே கால் பதியப் போகிறது! அம்பலவாணருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விடிந்ததும் விடியாததுமாகச் சாமியைக் கையோடு அழைத்து வந்து பூட்டைத் திறந்தார்.

சோறு குறைந்திருந்தது. மாவில் கால்களும் பதிந்திருந்தன. மயிரிழை போல, ஒன்றன்மேல் ஒன்றாக, எத்தனையோ கால்கள். இலையிலிருந்து கிளம்பிச் சுவர்வரை போய், படத்துக்கு நேர் கீழே முடிந்தன.

"படத்தை இறக்குங்க," என்றார் சாமி.

"ஐயோ! மாட்டின நாள்லேருந்து அதை யாரும் தொட்டதில்லையே."

"அதனாலதான்."

அம்பலவாணர் கன்னத்தில் போட்டுக்கொண்டு படத்தை இறக்கினார். பின்னாலிருந்து பூச்சிகள் குபுகுபுவென்று கிளம்பி அவர் முழங்கைவரை ஏறின. நல்லவேளை, படத்தைக் கீழே போட்டுவிடவில்லை. முதுகு அட்டையில் காராமணி அளவில் பழுப்பாக என்னென்னவோ ஒட்டியிருந்தன.

"இதென்ன சாமி?"

"முட்டைக் கூடு. ஒவ்வொண்ணுக்குள்ளேயும் ஒரு பந்தி காத்துக்கிட்டிருக்கு."

அம்பலவாணர் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ அம்மா ஒரு நாள்கூட சாப்பிட வரலையா, சாமி?"

சாமி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன் வரல? நேத்து மத்தியானம் இடுப்புல பிள்ளையோட வந்தாளே. நீங்கதானே ரசம் ஊத்துனீங்க."