மூலை மழுங்கிய திருடன்

முத்துக்குடை ராஜ்யத்தில் ஆளுக்கொரு செல்போன் உண்டு. ஆப் இறக்க மட்டும் ஒரே கடை. அமைச்சர் மார்த்தாண்டரின் முத்திரை இல்லாத ஆப் எந்தப் போனிலும் ஏறாது.

தெருக்குழாய் திறந்துவிடும் சொர்ணக்கிளி, தண்ணீர் வரும் நேரம் சொல்லும் ஆப் ஒன்று செய்தாள்.

"ஆப்பின் சின்னப் படத்தில் மூலை கூராக இருக்கிறது. மக்கள் கண்ணைக் குத்தும்!" என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார் அமைச்சர். மூலையை மட்டும் பார்த்தால் கடைக்குள் திருட்டு ஆப் நுழைந்துவிடும் என்று அவள் ராஜாவிடமே போய் முறையிட்டாள்.

அமைச்சர் சீறினார். "என் கடைக்குள் திருடன் நுழையவே முடியாது. நுழைந்தான் என்று நாளைக்குள் காட்டு. இல்லாவிட்டால் உன் வேலை போய்விடும்!"

மறுநாள் சபைக்கு வந்தாள். "உங்க கடையில 'நான் திருடன்'னு ஒரு ஆப் இருக்குங்க. போன்ல உள்ள சேதியையெல்லாம் ஊரறியக் கத்துவேன்னு முதல் வரியிலேயே போட்டிருக்கு."

"என் முத்திரை இருக்கிறதா?"

"இருக்குங்க."

"அப்படியானால் பத்திரமானதுதான்!" என்று அமைச்சர் சபை நடுவே தன் போனிலேயே அதை இறக்கினார்.

போன் கத்தியது: "அன்பு மனைவிக்கு, ராஜாவின் கவிதை ஆப்பை அழித்துவிட்டேன். பத்து வருடத் தலைவலி விட்டது."

ராஜாவின் மீசை துடித்தது. "இதற்கு யாரய்யா முத்திரை குத்தியது?"

"நான்தான் மகாராஜா. மூலை நாலும் மழுங்கலாகத்தானே இருந்தது?"

"செஞ்சது நான்தாங்க," என்றாள் சொர்ணக்கிளி. "நேத்து சாயங்காலம் கொடுத்தேன். வீடு போய்ச் சேருறதுக்குள்ள முத்திரை விழுந்துடுச்சு."

அன்றே தண்ணீர் ஆப் கூர்மூலையோடு ஊரெல்லாம் ஏறியது. கவிதை ஆப்பும் அமைச்சர் போனில் மறுபடி ஏறியது. இம்முறை அழிக்கும் பொத்தான் இல்லாமல்.