மாலை மணி அடித்தால்தான் வண்டி

முன்னொரு காலத்தில், ஒரு தேசத்தில், ஒரு புதன்கிழமை காலை சபை கூடியது. யார் எங்கே இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாதி வம்பு அதில்தான். சிம்மாசனத்தில் ராஜா, இரண்டு பாதத்திலும் மஞ்சள் பற்று. வலப்பக்கம் மந்திரி நீலகண்டர். இடப்பக்கம் வண்டிப்பேட்டை அதிகாரியும் காளைக்கொட்டில் அதிகாரியும், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் ஆளுக்கொரு திசையாக. விகடகவி பூவராகனுக்கு ஆசனம் கிடையாது, தூணோரம் நின்றான். வீட்டில் அவன் மனைவிக்கு நிறைமாதம்.

"நேற்று மாறுவேடத்தில் சந்தையூருக்குப் புறப்பட்டேன்," என்றார் ராஜா. "பேட்டையில் முப்பது வண்டி நிற்கிறது. ஒன்றும் நகரவில்லை! காலையில் ஜனங்களை ஏற்றி வந்தவை சாயங்காலம்தான் திரும்புமாம். வெயிலில் நடந்தே போனேன். நாளை முதல், வண்டிகள் வந்து சேர்ந்ததும், நாழிகைக்கு ஒன்று புறப்பட வேண்டும்."

"வண்டி தயார், பிரபு. இவர் காளை தரமாட்டார்."

"காளை தயார், பிரபு. இவர் அச்சுக்கு மசகு போடமாட்டார்."

"போன மாசம் நீர் கொடுத்த காளைக்கு ஒத்தைக் கொம்புதானேய்யா இருந்தது?"

"கொம்பா ஐயா வண்டியை இழுக்குது?"

மந்திரி எழுந்தார். பூவராகன் மேல் அவருக்கு நெடுநாள் காய்ச்சல். "பேட்டை வாசலில் தங்கள் பாட்டனார் நாட்டிய கல் இருக்கிறது, மகாராஜா. 'மாலை மணி அடித்த பின்னரே வண்டி புறப்படுக. மீறினவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்திலே போகக்கடவான்.' இதற்கும் நம் விகடகவி வழி சொல்லாமலா போய்விடுவார்?"

ராஜாவுக்கு முகம் வெளுத்தது. "பாட்டனார் வாக்கும் பொய்க்கக் கூடாது, என் வாக்கும் பொய்க்கக் கூடாது. பூவராகா, உன் பொறுப்பு. தவறினால் நாளை அஸ்தமனத்துக்குள் குடும்பத்தோடு எல்லையைத் தாண்டிவிடு!"

நிறைமாதக்காரியை எந்த ஊருக்கு நடத்திப் போவது? பூவராகன் நேரே பேட்டைக்குப் போய்க் கல்லை எழுத்தெழுத்தாகத் தடவிப் படித்தான். பத்துத் தரம் படித்தும் வியர்த்ததுதான் மிச்சம்.

பக்கத்துப் பூக்காரி கேட்டாள்: "மாலை வேணுமா சாமி? இப்பக் கட்டினது."

"எந்த மாலை?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! கழுத்துல போடுற மாலைதான்."

பூவராகன் மறுபடி கல்லைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். ஒரு சாமந்தி மாலை வாங்கிக்கொண்டான்.

மறுநாள் முப்பது வண்டியும் வந்து ஜனங்கள் இறங்கியதுமே 'டாண் டாண்' என்று பேட்டை மணி முழங்கியது. முதல் வண்டி புறப்பட்டுவிட்டது. மந்திரி தலைப்பாகை அவிழ ஓடிவந்தார். பின்னால் பல்லக்கில் ராஜா, இருபுறமும் இரண்டு அதிகாரிகள்.

"சாசனத்தை மீறிவிட்டான்! காலையில் மாலை மணியா?"

"மேலே பாருங்கள், மந்திரியாரே. மணியின் கழுத்தில் மாலை. மாலை போட்ட மணி, மாலை மணிதானே? கல்லில் 'சாயங்காலம்' என்ற சொல் எங்கேனும் இருந்தால் காட்டுங்கள்."

மந்திரி கல்லை மேலிருந்து கீழ் தேடினார். இல்லை.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி, "இது உனக்கா, மணிக்கா?" என்றார்.

"மணிக்குப் போட்டால் களவு போய்விடும், பிரபு. எனக்கே போடுங்கள்."

அடுத்த வண்டிக்காரன் மட்டும் சாட்டைக் காம்பால் தலையைச் சொறிந்தபடி நின்றான். "நான் போயிடுறேன் சாமி. சந்தையூர்ப் பேட்டைக்காரர் சாயங்கால மணிக்குத்தானே வண்டியைக் கட்டி வெப்பாரு? திருப்பி அனுப்பச் சொல்லி அவருக்கு யாரு சொன்னா?"

பூவராகனுக்கு முத்துமாலை கனத்தது. முப்பதில் ஒவ்வொன்றாகப் போய் அங்கேயே நின்றுவிட்டால், சாயங்காலம் வீடு திரும்பும் கூட்டத்துக்கு இங்கே மிஞ்சுவது நாலு வண்டி!

"பிரபு, ஒரு ஓலை! உடனே!"

ராஜா சொல்லச் சொல்ல அவனே எழுதினான்: 'அங்கும் மணிக்கு மாலை சூட்டுக. வந்த காளைகளுக்குத் தண்ணீர் காட்டி, இளைத்ததை மாற்றிக் கட்டி, நாழிகைக்கு ஒரு வண்டி திருப்பி அனுப்புக. மாலை வாடினால் மாற்றுக.'

"என் முத்திரைதான் முதலில்," என்றார் வண்டி அதிகாரி.

"காளை முன்னாலா, வண்டி முன்னாலா?" என்றார் மற்றவர்.

நேரம் காட்டும் நாழிகை வட்டிலில் தண்ணீர் நிரம்பப் போகிறது, அடுத்த வண்டிக்கு நேரமாகிவிட்டது. பூவராகன் இருவர் கையையும் பிடித்து, உருகிய அரக்கில் இரண்டு மோதிரத்தையும் ஒன்றாக அழுத்தினான். ஓலையை வண்டிக்காரன் மடியில் செருகினான். மணி அடித்தது, வண்டி புறப்பட்டது.