கரையிலிருந்தே நீந்திய வணிகர்

பிள்ளை பெற்றவர்களே, கேளுங்கள்! பிள்ளைகளும் கேளுங்கள், சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம்.

மன்னர்கள் ஆண்ட காலத்தில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் அம்பலவாணர் என்ற உப்பு வணிகர் இருந்தார். நீச்சலைப் பற்றி அவருக்குத் தெரியாததே இல்லை. நீந்த மட்டும் தெரியாது.

அவர் மகன் சேந்தன் ஆற்றைக் கண்டால் சோற்றை மறப்பவன். ஆடியில் புதுவெள்ளம் வந்ததும் மேல்துறையிலிருந்து கீழ்த்துறை வரை இளைஞர்களுக்கு நீச்சல் போட்டி நடக்கும். வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்கும் ஆற்றுக்காவலில், வென்றவனை அரசர் சேர்த்துக்கொள்வார். அந்த வேலைக்குத்தான் சேந்தன் ஏங்கினான். ஒருவன் மூன்று முறைதான் போட்டியிடலாம்.

பெற்றோர் கரையோடு கூடவே போவது ஊர் வழக்கம். மற்றவர்கள் நடந்தார்கள், நம்மவர் ஓடினார்.

"கையை வீசுடா! காலை உதைடா! மூச்சை அடக்குடா!"

அப்பா சொல்வதைத் தட்டாத பிள்ளை அல்லவா? அவர் கத்தும்போதெல்லாம் சேந்தன் நீரிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டான். தலை எழுந்தால் கால் தாழும், வேகம் போகும். தோற்றான். 'நான் சொன்னது இவன் காதில் சரியாக விழவில்லை' என்று முடிவு கட்டினார் அந்த மேதாவி.

மறு ஆண்டு எதிர்க்கரையில் மைத்துனரையும் கத்த விட்டார். சேந்தன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் தூக்கித் தூக்கியே தோற்றான். வீடு வரும்வரை திட்டு விழுந்தது. அன்று அவன் சாப்பிடாமலே படுத்தான்.

மூன்றாம் ஆண்டு கொம்பு ஊதுபவர் ஒருவரைக் கூலிக்குப் பிடித்தார். கொம்பொலிக்கு மேல் கத்திக்கொண்டு, மகனைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஓடிய அம்பலவாணர், தொபுக்கடீரென்று ஆற்றில் விழுந்தார்.

சேந்தன் வழக்கம்போல் தலையைத் தூக்கினான். அப்பாவைக் காணோம், தலைப்பாகை மட்டும் மிதந்தது. போட்டியை விட்டுவிட்டு அவரை நோக்கிப் பாய்ந்தான்.

முழுகும்போதும் மனிதர் அடங்கவில்லை. "என்னை விடுடா! நீ போய் ஜெயிடா!"

"வாயை மூடுங்கப்பா! தண்ணி உள்ள போகுது!"

மூடினார், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக. அவரை முதுகில் தாங்கிக்கொண்டு வெள்ளத்தோடு நீந்திய சேந்தன், முந்திப் போனவர்களில் பாதிப் பேரைத் தாண்டிக் கீழ்த்துறையில் கரையேறினான்.

இருமி முடித்ததுமே அம்பலவாணர் ஆரம்பித்தார். "கையை இன்னும் கொஞ்சம் நீட்டியிருந்தா..."

ஆற்றுக்காவல் தலைவர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. "முந்தி வர்றவனைவிட, முழுகுறவரை மீட்கிறவன்தான் எங்களுக்கு வேணும். அரசர்கிட்ட நான் சொல்லிக்கிறேன், நாளைக்கே வேலைக்கு வந்துடு தம்பி" என்று சேந்தனின் தோளைத் தட்டினார். பிறகு வணிகர் பக்கம் திரும்பினார்.

"உம்மைச் சுமந்துக்கிட்டே இவ்வளவு வேகமா வந்திருக்கான். உம்ம உடம்பு அவனுக்குப் பாரமில்லை ஐயா, உம்ம வாய்தான் பாரம்."

கரையே கொல்லென்று சிரித்தது. அம்பலவாணர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டு நின்றார்.

பிள்ளை களத்தில் இறங்கிய பிறகு, கரையில் நிற்கும் பெற்றோர் தம் வாயைக் கட்டுவதே அவனுக்குச் செய்யும் பெரிய உதவி.