ஏழு பேர் வேண்டாமென்ற கூடு

ஏரிக்கரையில் ஒரு கருவேல மரம் தண்ணீரின் மேல் சாய்ந்து நின்றது. அதன் கிளைகளிலெல்லாம் தூக்கணாங்குருவிக் கூடுகள். மழைக்காலம் நெருங்கிவிட்டதால் ஆண் குருவிகள் ஓலையைக் கிழிப்பதும் பின்னுவதுமாக இருந்தன. பெண் குருவிகள் கூடு பார்க்கக் கிளம்பியிருந்தன.

அந்த மரத்தில் கூடு பார்க்கச் சில முறைகள் உண்டு. பெண் வந்து இறங்கியதும் ஆண் சிறகை விரித்துப் படபடத்து, பாட்டுப் பாடி வரவேற்க வேண்டும். பெண் உள்ளே போய் ஓலை நாரைப் பிடித்து மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். பிடித்தால் அங்கேயே குடித்தனம், பிடிக்காவிட்டால் பறந்துவிடலாம். ஆனால் ஒருத்தி வேண்டாமென்று விட்ட கூட்டில் இன்னொருத்தி குடியேறினால் மரமே கைகொட்டிச் சிரிக்கும். முதல் மழைக்குள் யாரும் வராத கூட்டை, கட்டியவனே பிரித்துப் போட்டுவிட்டு ஏரியை விட்டே போய்விட வேண்டும்.

சாமை என்ற இளம் குருவிக்கு வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். அவள் வாயைத் திறந்தால் கேட்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதில் அவளுக்கும் ஒரு பெருமை.

அவள் முதலில் போய் இறங்கியது வரகன் என்ற குருவியின் கூட்டில். வரகன் அவளைப் பார்த்தான். லேசாகத் தலையை ஆட்டினான். சிறகடிக்கவில்லை, பாடவில்லை. மறுபடியும் பின்னத் தொடங்கிவிட்டான்!

சாமைக்குச் சுருக்கென்றது. கூட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் தாழ்ந்த கிளைக்கு வந்துவிட்டாள். கீழே பாறையில் ஆமையார் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"அப்பப்பா, என்ன தலைக்கனம்! வந்தவளை வான்னு சொல்லக்கூட வாய் வரல. இவன் கூட்டுல யாரு இருப்பா? எனக்கு வேண்டவே வேண்டாம்!" என்றாள் சாமை.

ஆமையார் ஓடு குலுங்கச் சிரித்தார். சாமையும் சிரித்தாள். சொன்னதை அன்றே மறந்தும் போனாள்.

மரத்தடிப் புதரில் ஏழு தவிட்டுக்குருவிகள் இருந்தார்கள். அக்கா தங்கைகள். ஒன்றாக மேய்வார்கள், ஒரே நேரத்தில் பேசுவார்கள். ஏரியில் யாருக்கு நல்ல பெயர், யாருக்குக் கெட்ட பெயர் என்று முடிவு செய்வதே அவர்கள்தான். தினையன் என்ற குருவி தினமும் காலையில், "அக்காமாரே, சாப்பிட்டாச்சா?" என்று விசாரிப்பான். அது போதாதா!

"தினையன் தங்கமான பையன்டி!" என்று சாமையிடம் சொன்னாள் மூத்தவள். "அந்த வரகன் பக்கம் மட்டும் போயிடாத. ஏழு பேரு உள்ள போய்ப் பார்த்துட்டு வேண்டாம்னு ஓடி வந்துட்டாங்க!"

"ஏழு பேரா!" சாமை வாயைப் பிளந்தாள். 'நல்லவேளை, தப்பித்தோம்' என்று நினைத்துக்கொண்டாள்.

தினையன் அவளுக்காக மூன்று பாட்டுப் பாடினான். சாமை சொக்கிப்போனாள். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே! உள்ளே போய் ஒரு முறை இழுத்தாள். நார் அலகோடு வந்துவிட்டது.

"அதை எதுக்கும்மா இழுக்கிற? அழகை மட்டும் பாரு!" என்று பதறினான் தினையன்.

இன்னொரு முறை இழுத்தாள். அடியில் ஓட்டை விழுந்து ஏரி தெரிந்தது.

"இதுல முட்டை வச்சா நேரா ஆமையார் தலையில விழும்!" என்று சொல்லிப் பறந்துவிட்டாள்.

மற்றக் கூடுகளிலெல்லாம் ஆள் ஏறியாகிவிட்டது. மேற்கே மேகம் கறுத்தது. இன்னும் இரண்டே நாளில் முட்டையிட வேண்டும். சாமைக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது சுழன்று அடித்தது காற்று. தினையன் கூட்டில் பாதி பிய்ந்து தண்ணீரில் விழுந்தது. வரகன் கூட்டிலோ ஒரு நார்கூட அசையவில்லை!

'ஏழு பேர் வேண்டாமென்றார்களே, அப்படி என்ன குறை கண்டார்கள்?' சாமைக்கு அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. மூத்தவளிடம் போய்க் கேட்டாள்.

"நாங்க எங்கடி கண்டோம்? மீன்கொத்திதான் மூணு பேருன்னார். நாங்க பேசப் பேச ஏழாயிடுச்சு போல!"

மீன்கொத்தியிடம் ஓடினாள். அவர் தலையைச் சொறிந்தார். "ஆமையார் ஒருத்தின்னுதான் சொன்னார். ஒருத்தின்னு சொன்னா கேக்கிறவங்களுக்கு ருசிக்காதேன்னு நான்தான் மூணாக்கினேன்."

ஆமையாரிடம் ஓடினாள். "அந்த ஒருத்தி யாரு தாத்தா?"

"நல்லா கேட்ட போ! நீதாம்மா! இதே கிளையில உக்காந்துதானே சொன்ன!"

சாமைக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. நிமிர்ந்து பார்த்தாள். வரகன் மேகத்தைப் பார்த்துவிட்டு, கூட்டிலிருந்து முதல் நாரை உருவிக்கொண்டிருந்தான்.

"பிரிக்காதீங்க! பிரிக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே பறந்தாள். "உங்களைப் பத்தி அந்தப் பேச்சைக் கிளப்பினதே நான்தான். உள்ள வந்துகூடப் பார்க்காம சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

வரகன் நாரை உருவுவதை நிறுத்தினான். பிறகு சொன்னான்: "அன்னிக்கு நீங்க வந்தப்ப என் வாயில வாசல் முடிச்சு இருந்தது. பாட வாயைத் திறந்திருந்தா மொத்தக் கூடும் அவிழ்ந்திருக்கும். முடிச்சைப் போட்டுட்டுத் திரும்பிப் பார்த்தேன். உங்களைக் காணோம்."

"இப்பப் பாடுங்களேன்!"

வரகன் சிறகை விரித்துப் பாடினான். சகிக்கவில்லை! சாமை சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். ஒரு முறை இழுத்தாள், இரண்டு முறை இழுத்தாள், மூன்றாம் முறை முழு பலத்தோடு இழுத்தாள். அவள் அலகுதான் வலித்தது.

அதற்குள் ஏழு தவிட்டுக்குருவிகளும் கீழே கூடிவிட்டார்கள். "அடி மானங்கெட்டவளே! இன்னொருத்தி வேண்டாம்னு விட்ட கூட்டுல போய் உக்காருவியா?"

சாமை கூட்டு வாசலில் தலையை நீட்டினாள். ஏரி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "அக்காமாரே, வேண்டாம்னு சொன்னவ ஒரே ஒருத்திதான். அது நான்! தெரியாம சொல்லிட்டேன். இப்ப உள்ள வந்து பார்த்துட்டேன், வேணும்னு சொல்றேன்!"

ஏழு வாயும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டன. ஏரி அப்படி ஓர் அமைதியைக் கண்டதே இல்லை. கடைசியில் மூத்தவள்தான் தொண்டையைக் கனைத்தாள்.

"வரகன் தங்கமான பையன்னு நான் அப்பவே சொல்லல?"

சடசடவென்று முதல் மழை இறங்கியது. சாமை வாசலை விட்டு உள்ளே நகர்ந்து உட்கார்ந்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

நாம் விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல் ஊர் வாயில் பெருத்து ஒருவர் வாழ்வையே கெடுத்துவிடும். ஆகவே உள்ளே போய்ப் பார்க்காமல் எவரைப் பற்றியும் குறை சொல்லவும் கூடாது, பிறர் சொன்னால் நம்பவும் கூடாது.